சிலுவையில் இருப்பவரின் கண்கள்

சிலுவையில் இருக்கும் இயேசுவின் ஓவியத்தையோ சுரூபத்தையோ எங்கே பார்த்தாலும் முதலில் கண்களைக் கவனியுங்கள். திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா? இடைக்காலத் துறவு மடங்களில் வணங்கப்பட்ட கிறிஸ்து உருவங்களைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கண் திறந்திருந்தால் எதிரே நிற்பவரை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூடியிருந்தால் அவர் இறந்துவிட்டார்; இனி பார்க்க வேண்டியவர் எதிரே நிற்பவர்தான். இரண்டும் வேறு வேறு ஜெபங்கள்.

நம் கத்தோலிக்க வீடுகளில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் பெரும்பாலும் இரண்டாவது வகை. தலை சாய்ந்து, கண் மூடி, விலாவில் காயத்தோடு இருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் சிலுவை என்றாலே இப்படித்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இறந்த கோலத்தில் அவரைக் காட்டுவது கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் வழக்கத்திலேயே இல்லை. அந்த வழக்கம் வேர்விட்டு வளர்ந்ததில் மடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இடைக்காலம் என்று இங்கே சொல்வது சுமார் 500 முதல் 1500 வரையிலான ஆயிரம் ஆண்டுகள். அந்தக் காலத்து மேற்கு ஐரோப்பிய மடங்கள் பலவும் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கைப் பின்பற்றின. நம் ஊர்ப் பழைய வழக்கில் அவர் ஆசீர்வாதப்பர். அவர் ஒழுங்குப்படி பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை துறவிகள் கூடிப் பாட வேண்டும். விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடித்துவிட வேண்டும். மற்ற நேரம் வேலை, வாசிப்பு, மௌனம். இப்படி வாழ்கிற ஒருவர் 40 ஆண்டுகள் ஒரே சுரூபத்தின் முன்னால், இருட்டிலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும், வந்து வந்து நின்றால் அது அவரை என்ன செய்யும்? மடத்துக் கலையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்று நினைக்கிறேன்.

பொதுவாக வேறு ஒரு விடைதான் சொல்லப்படும். கி.பி. 600 வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்செய் நகர ஆயர் செரேனுஸுக்குக் கடிதம் எழுதினார். மக்கள் படங்களை வழிபடுகிறார்கள் என்று அந்த ஆயர் படங்களை உடைத்துப்போட்டிருந்தார். வழிபடக் கூடாது என்பது சரி, ஆனால் உடைத்திருக்கக் கூடாது என்றார் கிரகோரியார். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து எப்படியோ அப்படி எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் என்பது அவர் வாதம். ஆலயத்துக்கு வரும் மக்களுக்கு இது பொருந்தும். ஆனால் மடத்தில் இருப்பவர்கள் படித்தவர்கள். திருப்பாடல்கள் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்கு எதற்குப் படம்?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. கடவுளை வரையலாமா? எந்த உருவத்தையும் உண்டாக்கி வணங்காதே என்கிறது பத்துக் கட்டளை. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு ரோமப் பேரரசில் இந்தக் கேள்வி பெரும் சண்டையாகவே வெடித்தது. பேரரசர்களின் ஆணைப்படி படங்கள் அழிக்கப்பட்டன, அவற்றைக் காத்த துறவிகள் துன்புறுத்தப்பட்டார்கள். அப்போது எருசலேம் பகுதியில் துறவியாக வாழ்ந்த தமாஸ்கு யோவான் கொடுத்த விளக்கம் மிக எளிமையானது. உருவமில்லாத கடவுளை யாராலும் வரைய முடியாது. ஆனால் ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்று நற்செய்தி சொல்கிறதே? கண்ணுக்குத் தெரிந்தவரை, கையால் தொடப்பட்டவரை வரையலாம். நான் பொருளை வணங்கவில்லை, எனக்காகப் பொருளாக மாறிய படைத்தவரை வணங்குகிறேன் என்றார். 787இல் நிக்கேயாவில் கூடிய பொதுச்சங்கம் படங்களுக்கு மரியாதை செய்யலாம் என்று தீர்மானித்தது. சண்டை அத்தோடு ஓயவில்லை. முழுதாக முடிய 843 ஆயிற்று.

யோவான் துணிந்து எழுத முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் இருந்த நிலம் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. பேரரசரின் கை அங்கே எட்டவில்லை. எகிப்தின் சீனாய் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கத்தரீனாள் மடத்துக்கும் இதே பாதுகாப்பு கிடைத்தது. 6ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட ஒரு கிறிஸ்து ஓவியம் இன்றும் அங்கே இருக்கிறது. உருக்கிய மெழுகில் வண்ணம் கலந்து பலகையில் தீட்டியது, 84 சென்டிமீட்டர் உயரம். ‘அனைத்தையும் ஆள்பவர்’ என்ற பொருளில் இந்த வகை ஓவியத்தைப் பந்தோக்கிராத்தோர் என்பார்கள்.

இந்த ஓவியத்தின் நல்ல படம் ஒன்று கிடைத்தால் ஒரு காகிதத்தை எடுத்து முகத்தின் வலப் பாதியை மறைத்துப் பாருங்கள். நம் இடக்கைப் பக்கம் தெரிகிற பாதி அமைதியானது. புருவம் சமமாக இருக்கிறது, தோல் வெளிச்சத்தில் இருக்கிறது, கண் கனிந்திருக்கிறது. கீழே அந்தப் பக்கத்துக் கை ஆசீர் வழங்குகிறது. இப்போது காகிதத்தை மாற்றி வையுங்கள். மறு பாதியில் புருவம் மேலே வளைந்திருக்கிறது, கன்னத்தில் நிழல் விழுகிறது, உதட்டோரம் கீழே இறங்குகிறது, கண் ஊடுருவிப் பார்க்கிறது. கீழே அந்தக் கையில் கனமான புத்தகம். இரக்கம் ஒரு பாதி, நீதி ஒரு பாதி என்று இதை விளக்குவார்கள். கடவுள் தன்மையும் மனிதத் தன்மையும் என்றும் சொல்வதுண்டு. எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும், காகிதத்தை எடுத்துவிட்டால் அது ஒரே முகம். நள்ளிரவில் எழுந்து வந்து அதன் முன் நிற்கிற துறவிக்கு அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஏதாவது ஒரு பாதி முதலில் தெரிந்திருக்கும்.

படித்தவருக்கு எதற்குப் படம் என்ற கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. இந்த ஓவியம் ஒரு செய்தியைச் சொல்வதற்காகச் செய்யப்பட்டதில்லை. பார்க்கப்படுவதற்காக ஒருவர் அதன் முன் போய் நிற்கிறார்.

பெனடிக்டின் ஒழுங்கில் ஓவியம், சிற்பம் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. மடத்துக்கு வரும் விருந்தாளிகள் எல்லாரையும் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்கிறது 53ஆம் அதிகாரம். ‘அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்’ என்ற வசனம் அங்கே வருகிறது. நோயாளிகளைக் கிறிஸ்துவுக்குச் செய்வது போலவே கவனிக்க வேண்டும் என்கிறது 36ஆம் அதிகாரம். ஆக, துறவி ஒருவர் தினமும் பார்த்த முதல் கிறிஸ்து உருவம் வாசலில் நின்ற வழிப்போக்கரும் படுக்கையில் கிடந்த முதிய சகோதரரும்தான். இதை விட்டுவிட்டு மடத்துக் கலையை மட்டும் பேசினால் விஷயம் பாதியில் நின்றுவிடும்.

சரி, கண் எப்போது மூடியது?

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஆளுயரச் சிலுவை ஒன்று இருக்கிறது. ஓக் மரத்தில் செதுக்கியது. உருவத்தின் உயரம் மட்டும் 187 சென்டிமீட்டர். 969 முதல் 976 வரை அங்கே பேராயராக இருந்த கேரோவின் பெயரால் அதைக் கேரோ சிலுவை என்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் பெரிய சிலுவைச் சுரூபங்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. அதுவரை மேற்கில் பெரும்பாலும் காட்டப்பட்ட சிலுவைக் கிறிஸ்து கண் விழித்து நேராக நிற்பார். வலி தெரியாது. சிலுவை அவருக்கு அரியணை போல இருக்கும்.

கேரோ சிலுவையில் தலை மார்பில் விழுந்துவிட்டது. கண் மூடியிருக்கிறது. உடலின் பாரம் முழுவதையும் கைகள் தாங்குவதால் தோளிலிருந்து மார்புக்குப் போகும் தசை இழுபட்டுக் கோடு கோடாகத் தெரிகிறது. வயிறு முன்னால் தள்ளித் தொங்குகிறது. இந்த வயிறுதான் என்னை முதலில் திடுக்கிட வைத்தது. உயிரோடு இருப்பவர் யாருக்கும் வயிறு அப்படித் தொங்காது. செதுக்கியவர் இறந்த மனிதர்களை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சிலுவையின் தலையில் விரிசல் விழுந்தபோது கேரோ அதற்குள் நற்கருணை அப்பத்தையும் மெய்ச்சிலுவையின் (இயேசு அறையப்பட்டதாக நம்பப்பட்ட சிலுவையின்) துண்டு ஒன்றையும் வைத்து வேண்டினார், விரிசல் கூடிவிட்டது என்று சில பத்தாண்டுகளுக்குப் பிறகு தீத்மார் என்ற ஆயர் எழுதி வைத்தார். மரத்தையும் உடலையும் மக்கள் எவ்வளவு நெருக்கமாக வைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு இந்தக் கதை போதும்.

ஏறக்குறைய அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் மடங்களுக்கான வழிபாட்டு ஒழுங்கு ஒன்று எழுதப்பட்டது. பெரிய வெள்ளியன்று சிலுவையைத் துணியில் சுற்றி, பீடத்தருகே கல்லறை போல அமைத்த இடத்தில் துறவிகள் கிடத்த வேண்டும். உயிர்ப்பு இரவு வரை காவல் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உயிர்ப்பு நாள் விடியலில் ஒருவர் வானதூதராக அங்கே உட்கார்ந்திருக்க, மூன்று பேர் தூபத்தோடு எதையோ தேடுபவர்கள் போல வருவார்கள். ‘யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று பாட்டில் கேள்வி வரும். பிறகு சிலுவை சுற்றியிருந்த துணியை மட்டும் எடுத்து எல்லாருக்கும் காட்டுவார்கள். பெரிய வெள்ளி இரவில் சுரூபத்தை இறக்கி ஆசந்தி என்னும் பாடையில் வைத்துத் தூக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த நூற்றாண்டில் இந்த நெருக்கம் சொற்களுக்குள் நுழைந்தது. நார்மண்டியில் பெக் மடத்தில் இருந்த அன்செல்ம் (1033–1109) தன் நண்பர்களுக்காகச் சில ஜெபங்களை எழுதினார். புனித பவுலை நோக்கிய ஜெபத்தில் திடீரென்று இயேசுவின் பக்கம் திரும்பி, நீரும் தாய்தானே என்று கேட்கிறார். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்ப்பது போல எருசலேமைச் சேர்த்துக்கொள்ள விரும்பியதாக இயேசு நற்செய்தியில் சொல்வார். அன்செல்ம் அதைப் பிடித்துக்கொண்டு, இதோ உம் செத்த குஞ்சு அந்தச் சிறகுக்குள் வந்து ஒண்டுகிறது என்கிறார். மெத்தப் படித்த தத்துவவாதி அவர். பிறகு கேன்டர்பரி பேராயராகவும் ஆனவர். அப்படிப்பட்டவர் ஜெபிக்க உட்கார்ந்தால் அம்மாவின் இறக்கையைத் தேடுகிற குஞ்சாகிவிடுகிறார். இந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் இளகிவிடுகிறது.

சிஸ்தெர்சியன் என்ற துறவு சபையின் பெர்நார்து (1090–1153) இன்னொரு விதம். 1125 வாக்கில் அவர் எழுதிய கடிதத்தில் மடத்து முற்றத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனித மிருகங்களும் எதற்கு, படிக்க வேண்டியவர்கள் கல்லைப் பார்த்தே பொழுதைப் போக்குகிறார்களே என்று கடிந்துகொள்கிறார். அவருடைய சபை மடங்களில் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் தடை இருந்தது. ஒன்றுக்கு மட்டும் விலக்கு: வண்ணம் தீட்டிய மரச் சிலுவை. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது அந்த ஓர் உருவம். பெர்நார்து அதன் முன் குப்புற விழுந்து ஜெபித்தபோது சிலுவையில் இருந்தவர் கைகளை விடுவித்து அவரை அணைத்துக்கொண்டதைக் கண்டதாக அந்தச் சபையில் ஒரு கதை பரவியது. அதே சபையைச் சேர்ந்த, இங்கிலாந்தின் ரீவோ மடத்து ஏல்ரெட், தனித்தவம் இருந்த தன் உடன்பிறந்த சகோதரிக்கு எழுதும்போது பீடத்தில் பாடுபட்ட சுரூபம் ஒன்று போதும் என்றார். விரித்த கைகள் உன்னை அணைக்கத்தான் விரிந்திருக்கின்றன என்பது அவர் விளக்கம். கையை விரித்து ஆணி அடித்தவர்கள் நினைத்தது வேறு. மடத்துக்காரர் அதில் கண்டது வேறு.

இங்கே வந்து சேர்ந்ததும், வரலாறு கண் திறந்ததிலிருந்து கண் மூடியதற்கு நேர்கோட்டில் போனது என்று முடிவு கட்டத் தோன்றும். அப்படிப் போகவில்லை. அசிசி நகருக்கு வெளியே இடிந்துகிடந்த சான் தமியானோ என்ற சிற்றாலயத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஓவியம் ஒன்று தொங்கியது. அதில் கிறிஸ்துவின் கண்கள் அகலத் திறந்திருக்கின்றன. காயங்களிலிருந்து இரத்தம் வடிகிறது, ஆனால் முகத்தில் வலி இல்லை. முள்முடியும் இல்லை. 1205 வாக்கில் வாழ்க்கையில் வழி தெரியாமல் அலைந்த வணிகர் மகன் ஒருவர் அதன் முன் மண்டியிட்டார். அவர்தான் பிரான்சிஸ். இடிந்துவிழும் என் வீட்டைப் பழுதுபார் என்று அந்தச் சிலுவை பேசியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் முதலில் அந்த ஆலயத்தையே கல் சுமந்து செப்பனிட்டார்.

பிறகு பிரான்சிஸைப் பின்பற்றித் துறவியான கிளாராவும் அவருடைய மடத்துச் சகோதரிகளும் அங்கேயே குடியேறினார்கள். கிளாரா ஏறக்குறைய 40 ஆண்டுகள், 1253இல் இறக்கும்வரை, அந்த ஓவியம் இருந்த இடத்தில்தான் வாழ்ந்தார். பிராகு நகரின் ஆக்னெஸ் என்ற துறவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் கிறிஸ்துவை அவர் கண்ணாடி என்கிறார். தினமும் அந்தக் கண்ணாடியைப் பார், அதில் உன் முகத்தையும் உற்றுப் பார் என்று எழுதுகிறார். படித்தவருக்கு எதற்குப் படம் என்று கேட்டோமே, மீதி விடை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. பார்க்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தைப் போல ஆக வேண்டும்.

பிரான்சிஸுக்கு அது உடம்பிலேயே நடந்தது என்று அவர் தோழர்கள் நம்பினார்கள். 1224இல் லாவெர்னா மலையில் அவர் கைகளிலும் கால்களிலும் விலாவிலும் சிலுவையில் இயேசுவுக்கு இருந்தது போன்ற ஐந்து காயங்கள் தோன்றியதாகச் சாட்சியம் உண்டு. திறந்த கண்களின் முன் தொடங்கியவருக்குக் கடைசியில் கிடைத்தது காயங்கள். அவருக்குப் பிறகு இத்தாலியில் ஜூன்தா பிசானோ போன்ற ஓவியர்கள் வரைந்த சிலுவைகளில் கண் மூடிவிட்டது. உடல் ஒரு பக்கம் வளைந்து தொங்கியது. கிழக்கில் முன்பே இருந்த ஒரு வடிவம் பிரான்சிஸின் சபையார் வழியாக இத்தாலியெங்கும் வேகமாகப் பரவியது.

கன்னியர் மடங்களில் வேறு மாதிரி உருவம் ஒன்று விரும்பப்பட்டது. ரைன் நதிக் கரையில், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள புனித கத்தரீனாத்தால் மடத்துக்காக 1300க்குச் சற்று முன் கொன்ஸ்தான்ஸ் நகரின் ஹைன்ரிஷ் என்ற சிற்பி வால்நட் மரத்தில் செதுக்கியது அது. இறுதி இரவுணவில் இயேசுவின் மார்பில் சாய்ந்த சீடர் யோவான். அந்தக் காட்சியிலிருந்து மேசையையும் மற்ற சீடர்களையும் நீக்கி, இருவரை மட்டும் எடுத்து உட்கார வைத்திருக்கிறார். யோவான் கண் மூடித் தூங்குகிறார். அவர் வலக்கை இயேசுவின் வலக்கையில் கிடக்கிறது. இயேசுவின் இடக்கை அவர் தோளில் இருக்கிறது. இங்கே விழித்திருப்பவர் இயேசு, கண் மூடியிருப்பவர் மனிதர். சிற்பத்தைப் பார்த்துச் செய்தவரே வியந்துபோனார் என்று அந்த மடத்துச் சகோதரிகள் தங்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள். சிற்பம் இப்போது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1373 மே மாதம் இங்கிலாந்தின் நார்விச் நகரில் 30 வயதுப் பெண் ஒருவர் சாகக் கிடந்தார். குருவானவர் வந்து பாடுபட்ட சுரூபத்தை அவர் கண் முன் பிடித்தார். அறை இருண்டு சுரூபம் மட்டும் ஒளியில் நின்றது என்கிறார் அவர். முள்முடிக்குக் கீழிருந்து சூடான இரத்தம் வழிவதைக் கண்டார். மொத்தம் 16 காட்சிகள். பிழைத்து எழுந்து, ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் தனித்தவம் இருந்து, அந்தக் காட்சிகளின் பொருளைப் பல ஆண்டுகள் யோசித்து எழுதினார். இவர்தான் ஜூலியன். அன்செல்ம் சொன்ன தாயை இவரும் கண்டார்: இயேசு நம் தாய் என்று விரிவாக எழுதினார்.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் ஃபுளோரன்ஸில் உள்ள சான் மார்க்கோ மடம். தோமினிக் சபையாருடையது (தோமினிக்கை நம் ஊரில் சாமிநாதர் என்பார்கள்). 1440 வாக்கில் அதே சபைத் துறவியான ஃபிரா ஆஞ்செலிக்கோ தன் உதவியாளர்களோடு சேர்ந்து அங்கே 40க்கும் மேற்பட்ட சிற்றறைகளின் சுவர்களில் ஓவியம் தீட்டினார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சன்னல், பக்கத்தில் ஓர் ஓவியம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்தவர்களின் அறைகளில் சிலுவையும் அதன் அடியில் சாமிநாதரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஓர் அறையில் அவர் மண்டியிடுகிறார், இன்னொன்றில் கைகளை விரிக்கிறார், வேறொன்றில் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்கிறார். எப்படி ஜெபிப்பது என்பதை உடம்பே கற்றுக்கொள்வதற்காக வரைந்தது போல இருக்கிறது.

7ஆம் அறையில் இயேசுவை வீரர்கள் ஏளனம் செய்யும் காட்சி. அதில் வீரர்களே இல்லை. வெறும் கைகள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. ஒரு கை அறைய வருகிறது, இன்னொன்று கோலால் முள்முடியை அடிக்கிறது. உடலில்லாத தலை ஒன்று தொப்பியைத் தூக்கியபடி துப்புகிறது. நடுவில் வெள்ளை உடையில் இயேசு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்களைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். துணி மெல்லியது, அதற்குள் கண்கள் மங்கலாகத் தெரிகின்றன.

கீழே ஒரு பக்கம் மரியா, மறுபக்கம் சாமிநாதர். இருவரும் தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருமே அவரைப் பார்க்கவில்லை. சாமிநாதரின் மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது. ஒரு கை தாடையைத் தொட்டபடி இருக்க, அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். மேலே நடப்பதெல்லாம் அவர் வாசிப்பதிலிருந்தே எழுந்து வந்தது போல இருக்கிறது. அந்த அறையில் வசித்த துறவியும் தினமும் மடியில் புத்தகத்தை வைத்து, அதே சன்னல் வெளிச்சத்தில், ஏறக்குறைய அதே கோலத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.